வலிக்குமா என்ற கேள்விக்கு அங்கீகரிக்கப்பட்ட பதில்

தச்சரின் மகள் சுண்டு ஒரு கேள்வி கேட்டாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மறுநாள் காலையிலேயே அவள் கை நேராகியிருக்கும். இந்தக் கதையைச் சொல்லும் வேலையும் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

அவளுக்கு ஏழு வயது. வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதால் சுண்டு. உருவம்தான் சின்னது, வாய் அப்படியில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து கேள்விதான். ஆணிக்கு ஏன் தலை இருக்கிறது, ரம்பத்துக்கு ஏன் பல் இருக்கிறது, பல் இருந்தால் அது சாப்பிடுமா. தச்சர் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். தெரியாததற்கு, "தெரியலடா, யோசிச்சுச் சொல்றேன்" என்பார். "எம் பொண்ணு கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லத் தனியா ஒரு ஆபீஸ்தான் வைக்கணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். அப்படி ஓர் ஆபீஸ் ஏற்கெனவே இருப்பது அப்போது அவருக்குத் தெரியாது.

பட்டறைக்குப் பின்னால் இருந்த மரத்தில் அவரே அவளுக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்திருந்தார். பலகை நல்ல பலகை, அவர் இழைத்தது. கயிறு கடைக்கயிறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிறு அறுந்தது, சுண்டு வலது கையை ஊன்றி விழுந்தாள். முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தச்சர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் காதில் செருகிய பென்சிலைக்கூட எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் ஓர் இளம்பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"முழங்கைக்கு மேல எலும்பு முறிஞ்சு விலகியிருக்கு. மயக்க மருந்து குடுத்து, இழுத்து நேர் பண்ணி, ரெண்டு கம்பி வெச்சுடலாம். அரை மணி நேர வேலை. கத்தியே வேண்டாம்."

"எப்ப டாக்டரம்மா?"

"நாளைக்குக் காலையில. தள்ளிப் போடக் கூடாது. ரெண்டு வாரம் தாண்டினா எலும்பு கோணலாவே கூடிரும். அப்புறம் வெட்டித்தான் நேராக்கணும்."

"பசை காயறதுக்குள்ள மூட்டைச் சரி பண்ணணும், காஞ்சுட்டா உளிதான். அப்படித்தானே?"

"அப்படியேதான்" என்றார் டாக்டர்.

அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் பேசிக்கொண்டு இருவருக்குமே புரிந்தது அது ஒரு தடவைதான்.

சாயங்காலம் ஒரு நர்ஸ் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், மூட்டுவலிக்காரர். கையில் பதினொரு பக்கப் படிவம். மேலட்டையில் சிரிக்கும் கரடி. கட்டிலருகே வந்ததும் "அம்மாடி" என்று முனகிக்கொண்டே தரையில் மண்டியிட்டார். தச்சர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வேண்டாம் சார். குழந்தையோட கண்ணுக்கு நேரா நம்ம கண்ணு இருக்கணும்னு ரூல். மேலயிருந்து பார்த்தா அது ஆதிக்கம்."

கட்டில் உயரம் அதிகம், நர்ஸ் குள்ளம். மண்டியிட்டதில் அவர் கண் சுண்டுவின் பாதத்துக்கு நேராக வந்தது. பாதத்தைப் பார்த்தபடியே பத்துப் பக்கத்தையும் படித்தார். உன் பெயர் என்ன, உனக்குப் பிடித்த நிறம் என்ன, எலும்பு என்றால் என்னவென்று உன் சொந்த வார்த்தையில் சொல். சுண்டு எல்லாவற்றுக்கும் சொன்னாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நர்ஸ் குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு ஏதாவது கேள்வி இருக்கா பாப்பா?"

கேட்டுக்கொண்டே தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினார், கண்ணைக் கூடச் சிமிட்டினார். விஷயம் தெரிந்த தகப்பனாக இருந்தால் புரிந்துகொண்டிருப்பான். நம் தச்சரோ பெருமை பொங்க, "கேளுடா, உனக்கா கேள்வி இல்ல! பயப்படாம கேளு" என்றார்.

சுண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"வலிக்குமா?"

நர்ஸின் முகம் தொங்கிப்போனது. பெருமூச்சு விட்டு, 'குழந்தை எழுப்பிய கேள்விகள்' என்ற கட்டத்தில் அந்த ஒரு சொல்லை எழுதினார். தச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நர்ஸ் எக்கி எழுந்து படிவத்தாலேயே அவர் வாயைப் பொத்தினார்.

"சொல்லிடாதீங்க சார்! நீங்க சொன்னா அது பெத்தவங்க செல்வாக்கு. நான் சொன்னா ஊழியர் தலையீடு. டாக்டர் சொன்னா நிர்ப்பந்தம். நெறிக்குழு மட்டும்தான் சொல்லலாம்."

"எல்லாப் பிள்ளையும் கேக்குற கேள்விதானேம்மா?"

"இங்க இதுவரைக்கும் ஒரு பிள்ளையும் கேட்டதில்ல சார். வாசல்லயே மத்த பெத்தவங்க சொல்லிக் குடுத்துடுவாங்க, எதுவும் கேக்காதன்னு. உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றவர், அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டினார்.

நெறிக்குழு என்பது வேறொன்றுமில்லை, சிறார் சம்மத நெறிக்குழு. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அது நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தது. முன்பெல்லாம் அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகளிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நாலு பேர் வருவார்கள், கை ஒருவர் கால் ஒருவராக அமுக்கிப் பிடிப்பார்கள், வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். பிள்ளை வருஷக்கணக்கில் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அலறும். அந்த அநியாயத்தை ஒழிக்கத்தான் குழு வந்தது, ஒழித்தும் விட்டது. அதோடு கலைந்துபோயிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம். ஒழிக்க வேண்டியது ஒழிந்த பிறகும் வாரா வாரம் கூட வேண்டியிருந்ததால் அதற்கு விதிகள் தேவைப்பட்டன.

தச்சரிடம் ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். குழுவின் பதில் வரும்வரை குழந்தையின் கேள்விக்கு அவரோ அவர் மனைவியோ வாயாலும், சைகையாலும், முகபாவத்தாலும் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் குழந்தையின் சுதந்திர மனம் கெட்டுவிட்டதாகக் கருதி, முதல் பக்கத்திலிருந்து, அதாவது பிடித்த நிறத்திலிருந்து, மறுபடி தொடங்கப்படும்.

"முகபாவம்னா?" என்று கேட்டார் தச்சர்.

"கவலையா இருக்கக் கூடாது. தைரியமாவும் இருக்கக் கூடாது" என்றார் நர்ஸ்.

நெறிக்குழு செவ்வாய்க்கிழமைதோறும் கூடும். மறுநாளைக்கு மறுநாளே செவ்வாய் என்பதில் தச்சர் சந்தோஷப்பட்டார். பாவம்.

நீள்வட்ட மேசை. அதைச் சுற்றித் தலைவர், தத்துவப் பேராசிரியர், வக்கீல் என மூன்று பேர். குறிப்பெடுக்க ஒரு செயலர். தச்சர் உட்கார்ந்ததும் முதலில் பார்த்தது மேசையைத்தான். ஒரு கால் ஆடியது. அதன் அடியில் ஏதோ சுற்றறிக்கையை எட்டாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். பையில் இருக்கும் ஓர் ஆப்பை அடித்தால் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும் என்று அவர் கை துறுதுறுத்தது.

தலைவர் மென்மையான குரலில் பேசுகிறவர். அந்தக் குரலில் கேட்டால் வீட்டு வாடகையை ஏற்றுவதுகூடத் தாலாட்டு மாதிரி இருக்கும்.

"உங்க மகளோட கேள்வியைப் படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு" என்றார். "இந்த அறையைப் பொறுத்தவரைக்கும் குழந்தைதான் ராஜா. நாங்க எல்லாம் சேவகர்கள். அவங்க குரலைக் கேக்கறதைத் தவிர எங்களுக்கு வேற வேலையே கிடையாது."

"அப்ப அவளையே உள்ள கூப்பிட்டுடலாமா சார்? வெளியில பெஞ்சுலதான் உக்காந்திருக்கா."

"ஐயையோ, குழந்தைங்களுக்கு இங்க அனுமதி இல்லை. கூட்டம் நடக்கறதைப் பார்த்தா அவங்க மனசு பாதிக்கும்."

இதில் கொஞ்சம் உண்மை இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தத்துவப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "வலிக்குமா, இது எதிர்காலத்தைப் பத்தின கேள்வி. யாருக்கு வலிக்கும்? மயக்கத்துல இருக்கற சுண்டுவுக்கா, முழிச்சதுக்கு அப்புறம் இருக்கப்போற சுண்டுவுக்கா? கேள்வி கேட்டதோ இப்ப இருக்கற சுண்டு. இந்த மூணும் ஒரே சுண்டுன்னு நம்மகிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

"ஒரே சுண்டுதாங்க" என்றார் தச்சர். "எங்களுக்கு ஒரே பொண்ணு."

பேராசிரியர் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வக்கீல் நேரடியாக விஷயத்துக்கு வந்தார். "வலிக்கும்னு சொன்னா அது மிரட்டல். வலிக்காதுன்னு சொன்னா பொய். தெரியாதுன்னு சொன்னா, அப்புறம் நாம எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்னு ஒரு கேள்வி வரும்."

மேசை லேசாக ஆடியது. தச்சருக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் வலிக்கும், அப்புறம் சரியாயிடும்னு சொல்லிடலாமே சார். உண்மையும் அதுதானே?"

செயலரின் பேனா நின்றது. தலைவர் கண்ணை மூடினார். வக்கீல் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டு, "அந்த ஊஞ்சலை யார் கட்டினது?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"அதாவது, விபத்துக்குக் காரணமானவர் நீங்க. குழந்தை சீக்கிரம் குணமாகணும்னு உங்களுக்குத் தனிப்பட்ட ஆர்வம் இருக்கு."

"இருக்குதுங்க" என்றார் தச்சர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாளாக அவர் மனசு அந்தக் கயிற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆர்வம் இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு, குறிச்சுக்கோங்க" என்றார் வக்கீல். "இதுல பெரிய சிக்கல் என்னன்னா, அவர் சொன்ன வாக்கியம் உண்மையிலேயே நல்ல வாக்கியம். நாமளே அடுத்த வாரம் அங்கதான் வந்திருப்போம். இப்ப அதை நாம சொன்னா பெத்தவர் சொன்னதைச் சொன்ன மாதிரி ஆயிடும். அதனால அந்த வாக்கியத்தை இனிமே பயன்படுத்த முடியாது."

இப்படியாக, உலகத்தில் அந்தக் கேள்விக்கு இருந்த ஒரே ஒழுங்கான பதில் கூட்டக் குறிப்பில் தடை செய்யப்பட்டது. தச்சர் வெளியே வந்தார். பெஞ்சில் கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சுண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, பதில் வந்துச்சா?"

கவலையும் இல்லாமல் தைரியமும் இல்லாமல் முகத்தை வைத்துக்கொண்டு, "வரும்டா" என்றார்.

வார்டில் வேறு விதமான நாட்கள் ஓடின. புதன்கிழமை பெரிய டாக்டர் ஒருவர் பன்னிரண்டு மாணவர்களோடு வந்தார். வரிசையாக வந்து ஒவ்வொருவரும் சுண்டுவின் முழங்கையைத் தொட்டு, அழுத்தி, குறிப்பெழுதினார்கள். ஐந்தாவது ஆளுக்கே அவள் வீறிட்டாள்.

"கவனிங்க, அழுத்தினா வலி இருக்கு" என்றார் பெரிய டாக்டர் திருப்தியாக. "நெக்ஸ்ட்."

தச்சர் குறுக்கே போய் நின்றார். "சார், இவங்க எல்லாம் பாப்பாகிட்ட கேட்டாங்களா?"

"எதை?"

"தொடலாமான்னு."

"இது சிகிச்சை இல்லயேப்பா, பாடம். சிகிச்சைக்குத்தான் சம்மதம் வேணும்" என்றார் பெரிய டாக்டர், ரொம்பப் பொறுமையாக. மீதி ஏழு பேரும் பாடத்தை முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை கேமராவோடு ஒருவர் வந்தார். ஆஸ்பத்திரியின் விளம்பரப் பிரிவாம். சுண்டுவின் தலையைத் தானே வாரிவிட்டு, "சிரி பாப்பா. அந்தக் கையை மட்டும் போர்வைக்குள்ள வெச்சுக்கோ" என்று சொல்லி நாலைந்து படம் எடுத்துக்கொண்டார். அதற்கும் படிவம் எதுவும் இல்லை. மண்டியிட்டு யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள், இரண்டாவது செவ்வாய். குழு ஒரு வரைவுப் பதிலைத் தயாரித்திருந்தது. ஆனால் அது குழந்தைகளைப் பயமுறுத்துமா என்று தெரியாததால் முதலில் பன்னிரண்டு குழந்தைகளிடம் படித்துக் காட்டிச் சோதிப்பது என்று முடிவானது. அந்தப் பன்னிரண்டு பேரிடமும் முதலில் சம்மதம் வாங்க வேண்டும், ஆளுக்குப் பதினொரு பக்கம். நர்ஸ் பன்னிரண்டு கட்டிலுக்கும் போய் மண்டியிட்டார். பதினொரு பிள்ளைகள் தலையாட்டின. குடல்வால் எடுக்க வந்திருந்த பயல் ஒருவன் மட்டும், "ஏன் என்கிட்ட கேக்கறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தான். அதுவும் கேள்விதான். அவனுக்கு ஒரு தனிக் கோப்பு திறக்கப்பட்டது. அவனுடைய அம்மா வார்டு அதிர ஒப்பாரி வைத்தார்.

தச்சரின் மனைவி அச்சகத்தில் புத்தகம் தைக்கும் வேலை பார்ப்பவர். பொறுமைசாலி. அன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு முழுப் புத்தகத்தை நாங்க ஒரு நாள்ல தைச்சு அட்டை போட்டு அனுப்பறோம். ஒரு வார்த்தைக்கு இவங்களுக்கு எத்தனை நாள்ங்க வேணும்? நீங்களும் சரின்னு தலையாட்டிட்டு வர்றீங்க!"

"நான் என்ன பண்ண? வாயைத் திறந்தா ஒரு வாரம் தள்ளிப் போகுது."

"நான் சொல்லிடறேன் அவகிட்ட. வலிக்கும்டி, அம்மா இருக்கேன்னு."

"சொன்னா பிடிச்ச நிறத்துல இருந்து ஆரம்பிப்பாங்க" என்றார் தச்சர். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தச்சர் எலும்பு டாக்டரைத் தேடிப் போனார்.

"நீங்களாவது தடாலடியா பண்ணிடக் கூடாதா டாக்டரம்மா? நாள் ஓடுது. பசை காயுது."

டாக்டர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். அவசரம் என்று நாலு முறை எழுதி அனுப்பியிருந்தார். நாலு முறையும் திரும்பி வந்திருந்தது. உயிர் போகுமா என்று குழு கேட்டிருந்தது. கை போகும் என்று இவர் எழுதியிருந்தார். கை வேறு, உயிர் வேறு என்று குழு விளக்கியிருந்தது.

"போன வருஷம் ஒரு பையன்கிட்ட, ஊசி எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு சொல்லிட்டேன்" என்றார் டாக்டர். "எறும்புங்கிறது ஆதாரமில்லாத வாக்குறுதின்னு என்னை மூணு மாசம் பயிற்சிக்கு அனுப்பிட்டாங்க. இன்னொரு தடவைன்னா வேலையே போயிடும். மன்னிச்சிடுங்க."

அவருக்கும் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியாமல் எக்ஸ்ரே உறையை இரண்டாகக் கிழித்தார். தச்சருக்கு மட்டும் தன் கோபம் தன் மேல்தான் என்று தெரிந்தது. கயிற்றைக் கடையில் வாங்கினார், அது ஒன்று. 'கேளுடா' என்றார், அது இரண்டு.

பன்னிரண்டாம் நாள் ஒரு சின்ன விஷயம் நடந்தது. யாரும் எந்தக் கட்டத்திலும் அதை எழுதவில்லை. சுண்டு கட்டிலின் கீழே எட்டிப் பார்த்து, "அப்பா, கட்டிலுக்கு எதுக்கு சக்..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள். கட்டிலுக்கு ஏன் சக்கரம் என்று தச்சர் எவ்வளவோ விளக்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். மறு கேள்வி கேட்கவில்லை.

பதினாறாம் நாள் மூன்றாவது செவ்வாய். பேராசிரியர் வெளியூரில் 'குழந்தையின் குரல்' என்ற கருத்தரங்கில் பேசப் போயிருந்ததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

இருபத்து மூன்றாம் நாள் பதில் அங்கீகரிக்கப்பட்டது. சுண்டுவை ஒரு தனி அறையில் உட்கார வைத்தார்கள். செயலர் அவள் எதிரே மண்டியிட்டு, ஒன்றரைப் பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"அன்புள்ள பாப்பா, நீ கேட்டது மிக நல்ல கேள்வி. இந்த நடைமுறையின்போதோ அதற்கு முன்போ பின்போ நீ உணரக்கூடிய, அல்லது உணராமலும் போகக்கூடிய அனுபவத்தை, நீ எந்தப் பெயரால் அழைக்க விரும்புகிறாயோ அந்தப் பெயரை நாங்கள் முழுமையாக மதிக்கிறோம்..."

அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. அவர் முடித்துவிட்டு, "புரிஞ்சுதா பாப்பா?" என்றார்.

சுண்டு அப்பாவைப் பார்த்தாள். "புரிஞ்சுது" என்றாள்.

அன்று மதியமே எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். தச்சர் படித்தவரில்லை, ஆனாலும் கோணல் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கூடிருச்சு" என்றார் டாக்டர். "இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. ஏழெட்டு மாசம் போகட்டும். அப்புறம் வெட்டி நேராக்கலாம்."

"அது வலிக்குமே டாக்டரம்மா" என்றார் தச்சர்.

அதற்குப் பதில் சொல்ல டாக்டருக்கு அனுமதி இல்லை.

தச்சர் நேரே தலைவர் அறைக்குப் போனார். கத்த வேண்டும் என்றுதான் போனார். தலைவர் எழுந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் கேள்விப்பட்டேன். மனசு உடைஞ்சு போச்சு. ஆனா நீங்க ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. ஒரு குழந்தையோட ஒரே ஒரு வார்த்தையை இருபத்து மூணு நாள் விடாம கேட்ட ஆஸ்பத்திரி வேற எங்கயாவது இருக்கா? எலும்பு கோணலாயிருக்கலாம். முறை கோணலாகலை. அதுல ஒரு சின்னப் பிசகு காட்டுங்க, நான் இப்பவே ராஜினாமா பண்றேன்."

"பிசகு இல்லைங்க சார்" என்றார் தச்சர். "எம் பொண்ணு கைதான் பிசகிப் போச்சு." கத்துவதற்கு அந்த மென்மையான குரலில் ஓரிடமும் கிடைக்கவில்லை. வெளியே வரும்போது கூட்ட அறை திறந்திருந்தது. உள்ளே போய், மேசைக்கால் அடியிலிருந்த சுற்றறிக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தார். மேசை நன்றாக ஆடட்டும் என்று நினைத்தார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

எட்டு மாதம் போனது. சுண்டுவின் வலது கை ஓர் அளவுக்கு மேல் நீளாது, மடங்காது. இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டாள். பட்டறையில் வந்து உட்கார்ந்து அப்பா இழைப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். தச்சருக்கு அந்த அமைதி தாங்காது. "ரம்பத்துக்கு ஏன்டா பல்லு?" என்று இவரே கேட்டுப் பார்ப்பார். "தெரியலப்பா" என்பாள்.

வெட்டி நேராக்கும் நாள் வந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கும்போது தச்சர் குனிந்து, "உள்ள கேள்வி இருக்கான்னு கேப்பாங்கடா..." என்று ஆரம்பித்தார். சொல்லும்போது நாக்கு கசந்தது.

"தெரியும்ப்பா" என்றாள் சுண்டு.

ஆஸ்பத்திரி வாசலில் ஆளுயரப் படம் ஒன்று வைத்திருந்தார்கள். வாரிய தலையும் போர்வையுமாக அதில் சுண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். 'குழந்தைகள் கேட்கிறார்கள், நாங்கள் பதில் சொல்கிறோம்' என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் காலில் கட்டோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதிதாக ஒரு தகப்பன் முழித்துக்கொண்டு நின்றான். தச்சர் அவனை ஓரமாகக் கூப்பிட்டு, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

அதே நர்ஸ், அதே கரடி. மூட்டுவலி முற்றியிருந்ததால் இந்தத் தடவை மண்டியிட அவருக்கு அதிக நேரம் பிடித்தது. செயலரும் மேற்பார்வைக்கு வந்து நின்றார். பிடித்த நிறம், எலும்பு, எல்லாம் முடிந்து கடைசிப் பக்கம்.

"உனக்கு ஏதாவது கேள்வி..."

"இல்ல" என்றாள் சுண்டு, அவர் முடிப்பதற்குள்.

செயலர் பூரித்துப்போனார். "எவ்வளவு முதிர்ச்சி பாருங்க! போன தடவை வந்தப்ப எவ்வளவு குழப்பத்துல இருந்தா. இப்ப முழுப் புரிதல். இதைத்தான் நாங்க ஆசைப்பட்டோம்." பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது. மறுநாள் காலை முதல் ஆளாக அறுவை சிகிச்சை.

மறுநாள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் ஒருவர் கூட வரலாம். தச்சர் வந்தார். நர்ஸ் படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார். கதவு நெருங்க நெருங்கத் தச்சரின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது, எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்த ஒரு சொல். முத்திரையாவது மண்ணாவது என்று குனிந்தார்.

"வலிக்கும்டா கண்ணு. கொஞ்ச நாள் வலிக்கும், அப்புறம் சரியாயிடும். நீ முழிக்கும்போது அப்பா பக்கத்துலயே இருப்பேன்."

சுண்டு இடது கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாப்பா" என்றாள், நர்ஸ் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு. "எழுதிடுவாங்க."